எல்லா அம்மனுக்கும் ஒரே கதைதானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி பிறந்ததிலிருந்து உங்கள் நாளிதழில் வெள்ளிதோறும் வரும் அம்மன் கோயில் பக்கத்தை விடாமல் படிக்கிறேன். படங்கள் அருமை. எந்த ஊரில் இறங்கி எந்தப் பேருந்து பிடிக்க வேண்டும், நடை எப்போது சாத்துவார்கள் என்பதெல்லாம் போடுகிறீர்கள், என்னைப் போல் தனியாகக் கோயிலுக்குப் போகிற பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எந்த ஊர் அம்மனானாலும் உங்கள் பக்கத்தில் அவளுக்கு ஒரே கதைதான். ஓர் அசுரன் ஆட்டம் போட்டான், தேவர்கள் போய் முறையிட்டார்கள், பார்வதி தேவி உக்கிர வடிவெடுத்து அவனை வதம் செய்தாள், கோபம் தணிய இந்த ஊர் வேப்பமரத்தடியில் வந்து அமர்ந்தாள், ராகு காலத்தில் எலுமிச்சை விளக்கு ஏற்றினால் கல்யாணத் தடை நீங்கும். பெயரை மட்டும் மாற்றினால் தமிழ்நாட்டில் எந்தக் கோயிலுக்கும் இதைப் போட்டுவிடலாம்.

நான் சக்தி வழிபாட்டைக் குறை சொல்ல வரவில்லை. மகிஷனை வதைத்த தேவியின் கதை பழைய கதை, பெரிய கதை, அது இருக்க வேண்டிய கோயில்களில் இருக்கட்டும். நான் கேட்பது, அந்தக் கதையே இல்லாத கோயிலுக்கு ஏன் அதைக் கொண்டுபோய் ஒட்டுகிறீர்கள் என்பதுதான்.

முப்பந்தல் இசக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம், இன்றைக்குக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கிற இடம். வில்லுப்பாட்டில் அவள் கதையைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் அசுரன் கிடையாது. தன்னை நம்பித் தன் மடியில் தலை வைத்துத் தூங்கியவளை நகைக்கு ஆசைப்பட்டுக் கொன்றுபோட்ட ஒருத்தன் இருக்கிறான், கண்ட சாட்சியாக ஒரு கள்ளிச் செடி இருக்கிறது, அவ்வளவுதான். மறுபிறவியில் அந்தக் கள்ளிக் கொப்பையே ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன்தான் என் புருஷன் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போய் நிற்கிறாள் அவள். வடக்கே திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூரிலும் நீலி என்ற பெயரில் இவள்தான். அவளை நம்பி அவனை அவளோடு அனுப்பி வைத்துவிட்டு, விடிந்து பார்த்தால் அவன் செத்துக் கிடக்கிறான் என்றதும், கொடுத்த வாக்குக்காக 70 வேளாளர்கள் தீயில் இறங்கினார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. அந்த எழுபது பேருக்கும் அங்கே நினைவிடம் இருக்கிறது. நீலியை மட்டும் அந்தப் பக்கத்தில் பேய் என்கிறார்கள். தெற்கே வந்தால் அவளுக்குக் கோயில் கட்டி, மஞ்சள் பூசி, தொட்டில் கட்டிப் பிள்ளை வரம் கேட்கிறார்கள். இப்படி ஒரு கதையை வைத்துக்கொண்டு "பார்வதியின் அம்சம்" என்று ஒரே வரியில் முடித்தால் எப்படி ஐயா?

குடியாத்தம் போயிருக்கிறீர்களா? வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு திருவிழா. உடம்பு இல்லாமல் தலை மட்டும் ஊர்வலமாக வரும், வழிநெடுகத் தேங்காய் உடைப்பார்கள், கூட்டம் அலைமோதும், கடைசியில் கோயிலுக்குக் கொண்டுவந்து அந்தத் தலையைச் சண்டாளச்சி உடலில் பொருத்துவார்கள். புருஷன் சொன்னான் என்று பெற்ற மகனே அம்மாவின் தலையை வெட்டிய ரேணுகையின் கதைதான் அது. ஆற்று நீரில் ஒரு கந்தர்வனின் நிழலைப் பார்த்துவிட்டாள், அதுதான் அவள் செய்த குற்றம். காப்பாற்ற வந்து அவளைக் கட்டிக்கொண்ட சண்டாளச்சி என்ற இன்னொரு பெண்ணின் தலையும் கூடவே விழுந்தது என்றும், உயிர் திரும்பியபோது அவசரத்தில் தலை இடம் மாறிப் போயிற்று என்றும் சொல்வார்கள். வெட்டுப்பட்டவளைத்தான் கும்பிடுகிறோம், வெட்டியவனை அங்கே யாரும் தேடுவதில்லை.

இன்னும் எத்தனை பேர். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சத்துக்குப் பிறந்த வீடு தேடி வந்தவள், அண்ணி மூளி அலங்காரி முகம் கொடுக்காததால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தவள். நாகர்கோவிலுக்கு வடக்கே தாழக்குடியில் ஔவையாரே அம்மனாக இருக்கிறாள், ஆடிச் செவ்வாய்களில் பெண்கள் கூட்டம் கூட்டமாகப் போய் அங்கேயே கூழும் கொழுக்கட்டையும் செய்து படைப்பார்கள். வடமாவட்டங்களில் பூவாடைக்காரி என்று ஒரு தெய்வம் உண்டு. அவளுக்குக் கோயில் தேடிப் போக வேண்டாம், அந்தந்தக் குடும்பத்தில் செத்துப்போன பெண்தான் அவள். வீட்டில் கல்யாணம் என்றால் பம்பைக்காரரை வைத்துப் பாடி அவளை அழைத்து, புடவையும் பூவும் வைத்துச் சம்மதம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை.

எங்கள் பக்கத்தில் கன்னி. கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண் பிள்ளை. எங்கள் வீட்டு அடுக்களைப் பரணில் ஒரு ஓலைப்பெட்டி இருந்தது, அதில் சின்னப் பாவாடை, சட்டை, ஒரு ஜதைக் கண்ணாடி வளையல், சிவப்பு ரிப்பன், சாந்துப் பொட்டு. வருஷம் ஒரு தடவை பழையதை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள், எடுத்த பாவாடையை வீட்டிலிருக்கும் சின்னப் பெண்ணுக்குக் கட்டிவிடுவார்கள். எனக்கும் கட்டிவிட்டிருக்கிறார்கள். அளவு சரியாக இருக்காது, என்றாலும் அன்றைக்கு என்னை யாரும் அதட்ட மாட்டார்கள். பெண்ணைத் தெய்வமாகப் பார்ப்பது என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டிதான் ஞாபகம் வரும். அவளுக்குப் பத்துக் கையும் இல்லை, சிங்கமும் இல்லை.

சரி, இவ்வளவு எழுத வைத்த காரணத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் அம்மன் கோயிலில் சில வருஷங்களுக்கு முன்னால் கும்பாபிஷேகம் நடந்தது. நானும் வரி கொடுத்தேன், கோபுரம் கட்டியது எனக்கும் சந்தோஷம்தான். அதற்கு முன்னால் அங்கே சிலை கிடையாது, சுண்ணாம்பு பூசிய ஒரு மண் பீடம், மேலே ஓலைக் கொட்டகை, பக்கத்தில் ஒரு வேம்பு. எங்கள் அம்மன் யார் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன்மார் கொன்ற தங்கை அவள். வேறு சாதிப் பையனை விரும்பினாள் என்பதற்காகக் கொன்றார்கள். கோயில் கொடைத் திருவிழா அன்றைக்கு முதல் பொங்கல் அந்த அண்ணன்மார் வகையறாதான் வைக்க வேண்டும், அது அவர்களுக்குப் பெருமைக்காகக் கொடுத்த முதல் மரியாதை அல்ல. சாமி வந்து ஆடுகிற எங்கள் பெரியம்மா அந்த வகையறா ஆண்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "என்னை ஏம்ல கொன்னீங்க?" என்று கேட்பாள். அவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தலை குனிந்து நிற்பார்கள். "தெரியாம செஞ்சிட்டோம் தாயி, பொறுத்துக்க" என்று சொன்ன பிறகுதான் திருநீறு போடுவாள். பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவரும் அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கும்பாபிஷேகத்தோடு பீடம் போயிற்று. நான்கு கையோடு கருங்கல் சிலை வந்தது, பெயருக்கு முன்னால் ஸ்ரீ வந்தது, வாசலில் தல வரலாறு என்று ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு வந்தது. அதில் அசுரன் இருக்கிறான், தங்கை இல்லை. குருக்கள் மாதச் சம்பளத்துக்கு வருகிறார், நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. பெரியம்மா ஆடுவது இப்போது எவர்சில்வர் கம்பிக்கு வெளியே, அதுவும் மைக் செட்டில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது. அவள் கேட்பது யார் காதிலும் விழுவதில்லை. போன ஆடியில் உங்கள் நிருபர் எங்கள் ஊருக்கு வந்தார், அந்தப் போர்டைக் கைப்பேசியில் படம் எடுத்தார், கோயில் நிர்வாகி ஒருவரிடம் பேசினார், போய்விட்டார். மறு வெள்ளி போர்டில் இருந்தது அப்படியே உங்கள் பக்கத்தில் வந்துவிட்டது. இனி எங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அதுதான் கதை, பேப்பரிலேயே போட்டிருக்கிறதே என்பார்கள்.

இதனால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். அவளைக் கொன்றவன் அசுரன் என்று எழுதிவிட்டால் ஊரில் யாரும் தலை குனிய வேண்டியதில்லை. வருஷத்துக்கு ஒரு நாளாவது ஊருக்கு நடுவே ஒரு பெண் தான் செத்ததற்குக் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள், அந்தக் கேள்வியைத்தான் பட்டுப்புடவை கட்டி மூடிவிட்டார்கள்.

எல்லாம் ஒரே சக்திதானே, இதில் என்ன வித்தியாசம் என்று நிறையப் பேர் கேட்பார்கள். எங்கள் பெரியம்மாவும் அதைத்தான் சொல்வாள், "எல்லாம் ஆத்தா தாம்ல" என்று. ஆனால் அப்படிச் சொல்கிற அவளே ராத்திரி கொடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்கவும் செய்வாள், இரண்டும் அவளுக்கு இடிக்கவில்லை.

பெரிய கோயில்களில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மதுரையில் சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் ஆகிறது, சித்திரையிலிருந்து ஆவணி வரை அவள் ஆட்சி என்கிறோம். அவள் சார்பில் செங்கோல் வாங்குகிறவர் கோயில் அறங்காவலர் குழுத் தலைவர். 2024-இல் அந்தப் பதவியில் இருந்தவர் ஒரு பெண்மணி, கணவரை இழந்தவர், அவர் கையில் செங்கோலைக் கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் வரை போய் வழக்குப் போட்டார்கள். நல்லவேளை, நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கணவனை இழந்த ஒருத்தி நீதி கேட்டு எரித்த ஊர் என்று அதே மதுரையைப் பற்றித்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்கு முன்னால் 2008-இல் உசிலம்பட்டிப் பக்கம் அப்பாவுக்குப் பிறகு பூசாரியாக இருக்க நினைத்த ஒரு பெண்ணை ஊரார் தடுத்தபோதும் நீதிபதி சந்துரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அம்மனுக்கு ஒரு பெண் பூசை செய்ய கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள்ளேயே போய்ப் பூசை செய்கிறார்கள், மாதவிலக்கு நாள் என்று ஒதுக்குவதும் அங்கே இல்லை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லையே.

கிராமத்துக் கோயில் என்றாலே எல்லாம் சமத்துவம் என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மனைக் கும்பிடத் தலித் மக்களை விடமாட்டோம் என்று தகராறாகி 2023-இல் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். சபையில் கூந்தலைப் பிடித்து இழுக்கப்பட்டவளின் கோயில் அது. அந்தச் செய்தியை நீங்களும் போட்டீர்கள், ஆனால் அது அரசியல் பக்கத்தில் வந்தது, அம்மன் பக்கத்தில் வரவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அடுத்த ஆடிக்கு நிருபர்களை அனுப்பும்போது போர்டைப் படம் எடுத்த பிறகு, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் வயதான பெண்கள் யாராவது ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். முளைப்பாரிக்குக் கும்மி கொட்டுகிற பெண்களிடம் கேட்கச் சொல்லுங்கள், பாட்டிலேயே பாதிக் கதை இருக்கும். போர்டில் ஒன்றும் அவர்கள் வாயில் வேறொன்றும் வந்தால் இரண்டையும் போடுங்கள், வாசகர்கள் முடிவு செய்துகொள்ளட்டும். கொல்லப்பட்ட கதையைப் போட்டால் ஊரில் பிரச்சினை வருமே என்று நினைத்தால் ஊர்ப் பெயரைப் போடாமல் விடுங்கள், நானும் அதற்குத்தான் போடவில்லை.

அப்புறம், எங்கள் கொடைக்கு உங்கள் நிருபர் மறுபடி வருவதாக இருந்தால் சாப்பாடும் தங்க இடமும் எங்கள் வீட்டில். சாயங்காலம் வந்து தீபாராதனை பார்த்துவிட்டு ஏழு மணி பேருந்தில் ஏறிவிடக் கூடாது. பெரியம்மா ஆடுவது நடு ராத்திரிக்கு மேல்தான். மைக் செட்டை அந்த நேரத்துக்கு நிறுத்தச் சொல்லி நாங்கள் சில பெண்கள் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
தென்காசி மாவட்டம்.