ஆயின்மென்டைத் தூக்கிப் போடாதே

பாம்பன்

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான், ஆனாலும் பூசைக்கு நடந்தே போய்விடுகிறாள். தடைக்காலம் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போகிறது. நம்ம அமலி அக்கா பேத்திக்குக் காது குத்தினார்கள். நீ வரவில்லை என்று உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டாள். வாங்கிக்கொள்.

மற்றதெல்லாம் அப்புறம். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதிலிருந்து மனசு சரியில்லை. உன் தோல் கரப்பானுக்கு (எக்ஸிமா) டாக்டர் எழுதிக்கொடுத்த டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட் எரிகிறது என்று நாலு நாளில் நிறுத்திவிட்டு, மெடிக்கலில் கேட்டு ஏதோ டியூப் வாங்கிப் பூசுகிறாயாமே? அதுவும் முகத்திலா?

எனக்கும் சின்ன வயதிலிருந்தே இந்தக் கரப்பான்தான், உனக்குத் தெரியாததா. கச்சான் காற்று கிளம்பி மண்ணை வாரி இறைத்தால் கண் இமை இரண்டும் தடித்துச் செதில் செதிலாக உரியும். வியர்வை பட்டால் மிளகாய் தேய்த்த மாதிரி இருக்கும். இப்போது நான் இமையில் பூசுவதும் அதே டாக்ரோலிமஸ்தான். முதல் வாரம் எனக்கும் எரிந்தது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. தோல் ஆற ஆற எரிச்சலும் தானாகக் குறைந்துவிட்டது. குளித்த உடனே ஈரத்தோடு பூசாதே, நன்றாக உலரவிடு. டியூபை ஃபிரிட்ஜில் வைத்துப் பூசினால் எரிச்சல் கொஞ்சம் மட்டுப்படும். ஃபிரீசரில் மட்டும் வைத்துவிடாதே.

அது ஸ்டீராய்டு இல்லை, செல்வி. 1984-இல் ஜப்பானில் சுகுபா என்ற இடத்து மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்த மருந்து. மாற்றிவைத்த உறுப்பை உடம்பு தள்ளிவிடாமலிருக்கக் கொடுத்துவந்தார்கள், பிறகு தோலுக்கும் வந்தது. தோலை மெலிய வைக்காது என்பதால்தான் இமைக்கும் கழுத்துக்கும் இதை எழுதுகிறார்கள். டப்பாவுக்குள் இருக்கும் தாளில் புற்றுநோய் என்ற சொல்லைப் பார்த்து உன் வீட்டுக்காரர் மிரண்டதும் புரிகிறது. அமெரிக்காவில் 2006-இல் சேர்த்த எச்சரிக்கை அது. பல வருடம் கண்காணித்தும் இந்த ஆயின்மென்டால்தான் புற்றுநோய் வருகிறது என்று உறுதியாகவில்லை. அவரையும் டாக்டரிடம் கூட்டிப்போய் நேரில் கேட்கச் சொல். ஒன்று மட்டும் கவனம்: பூசிக்கொண்டு உச்சிவெயிலில் நிற்காதே.

நீ வாங்கிய டியூபைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதில் குளோபெட்டசாலோ பீட்டாமெத்தசோனோ இருக்கிறதா என்று பார், இரண்டும் ஸ்டீராய்டுதான். ஸ்டீராய்டு கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். டாக்டர் இடமும் நாளும் பார்த்துக் கொடுத்தால் அதைப்போல் வேகமாக அடக்கும் மருந்து குறைவு. ஆனால் குளோபெட்டசால் இருப்பதிலேயே கடுமையான வகை. முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், பரு கிளம்பும், நிறுத்தினால் பழையதைவிட மோசமாகச் சிவந்து எரியும். படர்தாமரையாக இருந்தால் அரிப்பை மட்டும் அமுக்கிவிட்டு உள்ளே பரவவிடும். இந்த மாதிரி கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு உத்தரவு போட்டாகிவிட்டது. அப்படியும் "சிவப்பு போகணுமா, இந்தா" என்று எடுத்துக் கொடுக்கிறார்களே, எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

உன் மாமியார் கரப்பான் பண்டம் என்று மீன், கருவாடு, கத்திரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார்களாமே. சாப்பிட்டதும் ஏதாவது நிச்சயமாகக் கூடுகிறதா என்று பார், இல்லையென்றால் பட்டினி கிடக்காதே என்றுதான் என் டாக்டர் சொன்னார். பாம்பன்காரியிடம் மீனை நிறுத்தச் சொல்வது என்ன நியாயம்டீ!

இந்த வாரமே அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போ. எத்தனை நாளாகப் பூசினாய் என்பதை மறைக்காமல் சொல். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லட்டும். அதற்கு முன் டியூபின் பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. இன்று ராத்திரிக்குள் வரவில்லையென்றால் உன் வீட்டுக்காரருக்கே போன் போடுவேன்.

அன்புடன்,
ஜெசி