கொக்கிடம் பூக் கேட்ட பிள்ளைக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. நீங்கள் புறப்பட்டுப் போய் மூன்று வாரமாகிறது. பேரன் தேடிய போக்கிமான் அட்டை, அதுதான் அந்தக் கார்ட்டூன் உருவம் போட்டது, வளவில் தூணுக்குப் பின்னால் கிடந்தது. பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன், அவனிடம் சொல்.

அன்றைக்கு நீ கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டாய். கொல்லையில் வந்து நின்ற செம்போத்தைப் பார்த்து "காக்காவா?" என்று கேட்டான். "எட்டு வயசாச்சு, இதுகூடத் தெரியாதா?" என்றாய். அவன் முகம் சுருங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவன் மட்டும் அப்படி இல்லையப்பா. 2002-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் சயின்ஸ் இதழில் எழுதியிருந்தார்கள். இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் படங்களைக் காட்டிப் பேர் கேட்டார்களாம். எட்டு வயதுப் பிள்ளைகள் போக்கிமான் உருவங்களில் கிட்டத்தட்ட 80 சதவீதத்துக்குச் சரியாகப் பேர் சொன்னார்கள். சொந்த நாட்டுச் செடிகொடி, பூச்சி, விலங்குகளில் பாதிக்குத்தான் சொல்ல முடிந்தது. முப்பது வருஷம் மூன்றாம் வகுப்பு எடுத்தவள் நான். அந்த வயதுப் பிள்ளைக்கு ஞாபகசக்தியில் குறையே கிடையாது. எது கண்முன்னால் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நீ அமெரிக்காவில் இருக்கிற விஸ்கான்சினிலேயே மெனாமினி என்ற பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். கரடி, கழுகு, ஓநாய், மூஸ் மான், கொக்கு என்று விலங்கின் பேரில்தான் அவர்கள் குலங்கள். நம் நகரத்தாரில் ஒன்பது கோயில் பங்காளிகள் என்று பிரிவு இருக்கிற மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளிடமும் பாஸ்டன் நகரத்துப் பக்கத்துப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்த்ததைப் படித்தேன். மனிதனுக்குள் ஓர் உறுப்பு இருக்கிறது என்று சொன்னால் பாஸ்டன் பக்கத்துச் சின்னக் குழந்தைகள் நாய்க்கும் இருக்கும் என்பார்களாம். நாய்க்கு இருக்கிறது என்றால் மனிதனுக்கு இருக்கும் என்று அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மெனாமினிப் பிள்ளைகள் அப்படி மனிதனை நடுவில் வைத்து யோசிக்கவில்லை. தேனீயிடம் இருக்கிற ஒன்று கரடியிடமும் இருக்கலாம், கரடி தேன் தின்கிறதே என்று காரணம் சொன்ன பிள்ளைகள் அங்கே உண்டு. இதைப் படித்த அன்று வெகு நேரம் தூக்கம் வரவில்லை. பரீட்சையில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் தப்பு என்று அடித்திருப்பேனோ என்று மனசு உறுத்தியது.

உனக்கு அந்த வயதில் எப்படித் தெரிந்தது? நான் சொல்லித் தரவில்லை. கண்மாய்க்கரையில் கொக்குக் கூட்டம் பறந்தால் இரண்டு கை நகத்தையும் நீட்டிப் பூப் போடச் சொல்லிக் கத்துவாய். மறுநாள் நகத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தெருவெல்லாம் காட்டுவாய். தட்டான் தாழப் பறந்தால் மழை என்று மொட்டைமாடி வற்றலை எடுக்கச் சொல்லி ஓடி வருவாய். அதே கையால்தான் தட்டான் வாலில் நூலும் கட்டினாய், ஓணானைக் கல்லால் அடித்தாய். அதற்கு நான் அன்று உன்னைக் கண்டிக்கவில்லை. கண்டித்திருக்க வேண்டும். உயிரைத் தெரிந்துகொண்டால் போதும், இரக்கம் தானாக வந்துவிடும் என்று நினைத்துவிட்டேன்.

திருப்பத்தூர் தாண்டி மதுரை ரோட்டில் வேட்டங்குடி இருக்கிறதே, 1977-இல் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிப் பிள்ளைகள் தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். பறவைகள் மிரண்டுவிடும் என்று ஊரே விட்டுக்கொடுத்தது. எந்தப் பறவை வலசை வந்தது, எது உள்ளூர்ப் பறவை என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகலாம். வெடியைக் கையில் எடுக்காமல் இருக்கத் தெரியும். என் பேரன் அந்தப் பிள்ளைகளோடு ஒரு நாள் கரையில் உட்கார வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அதுவரைக்கும் ஒரு தங்கமீன் வாங்கிக் கொடு. ஜப்பானில் இனாகாகி என்ற அம்மா 1990-இல் எழுதிய ஆய்வு ஒன்று உண்டு. வீட்டில் தங்கமீன் வளர்த்த மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், தவளைக் குஞ்சை வளராமல் அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால், முடியாது, என் மீன் பெரிசான மாதிரி அதுவும் பெரிசாகிவிடும் என்று தங்கள் மீனை வைத்து யோசித்தார்களாம். ஆனால் தண்ணீரை அவன்தான் மாற்ற வேண்டும், இரையும் அவன்தான் போட வேண்டும். நீ எட்ட நின்று பார். மீன் செத்துப்போனாலும் அவனுக்குத் தெரியாமல் வேறு மீன் வாங்கி விடாதே.

அடுத்த முறை தை மாதம் பார்த்து டிக்கெட் போடு. நத்தைகுத்தி நாரை அப்போது வேட்டங்குடியில் கூட்டில் இருக்கும். செம்போத்து தினமும் முருங்கை மரத்தடிக்கு வருகிறது, அப்பத்தா சொன்னாள் என்று அவனிடம் சொல்.

அன்புடன்,
ஆத்தா