சனிக்கிழமை கிட்டார் வகுப்பும் நம் கைபேசிகளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை கழிந்து மூன்றாம் பருவம் தொடங்கிவிட்டது. போன பருவம் நல்லபடியாகவே போனது. தேர்வு முடிவுகளை மதிப்பெண் அட்டையில் பார்த்திருப்பீர்கள். கபடி அணியும் சதுரங்க அணியும் பரிசோடு திரும்பின. அறிவியல் கண்காட்சிக்கு நிறையப் பேர் வந்திருந்தீர்கள், மகிழ்ச்சி. ஐப்பசி மழையில் ஒழுகிய நான்காம் வகுப்பறையின் ஓடுகளை மாற்றியாகிவிட்டது. எல்லோருக்கும் பாராட்டுகள்.

அப்புறம், சனிக்கிழமை கிட்டார் வகுப்பு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் 14 பேர் ஆடி மாதத்திலிருந்து கிட்டார் படிக்கிறார்கள். ஆண்டு விழாவில் அவர்கள் வாசிக்கப்போவது ஒரு தாலாட்டு. "சினிமாப் பாட்டு சொல்லிக்கொடுத்தால் மேடையில் நல்ல கைதட்டு கிடைக்குமே" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முதன்முதலில் கருவியைத் தொடும் பிள்ளைக்குப் பாட்டு முன்பே காதில் இருக்க வேண்டும். வாய்க்குத் தெரிந்ததைத்தான் விரல் தேடிப் பிடிக்கும். சினிமா மெட்டு ஓடுகிற ஓட்டத்துக்கு ஐந்து மாத விரல் ஈடுகொடுக்காது. தாலாட்டு நிதானமாகப் போகும், சொன்ன வரிக்கே திரும்பி வரும், பிள்ளை தடுமாறினாலும் காத்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்ப் பாட்டுக்கு மேடையில் இடம் வேண்டும் என்று 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நம் கானாடுகாத்தான்காரர். இந்த ஊர்ப் பிள்ளைகள் கிட்டாரில் முதல் பாட்டாக அப்பத்தா பாட்டை வாசிப்பது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

அப்பத்தா பாட்டு என்று சும்மா சொல்லவில்லை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பத்தா புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை வந்து, பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து பாடினார். ஆராரோ ஆரிரரோ என்று எடுத்து, யார் அடித்து நீ அழுதாய், மாமன் அடித்தானா, அத்தை அடித்தாளா, அடித்தது பூச்செண்டாலா என்று உறவுமுறை ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் கேட்கிற பாட்டு. மூன்று தடவை பாடினார், மூன்றும் வேறு வேறு மாதிரி. ஒரு தடவை இழுத்த இடத்தில் அடுத்த தடவை இழுக்கவில்லை. தாளம் போட முயன்ற கிட்டார் ஆசிரியர் பாதியில் கையை நிறுத்திவிட்டார். தொட்டிலை ஆட்டுகிற கைதான் தாளம் என்று அப்பத்தாவே விளக்கினார். அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் தொட்டில் போக மூன்று எண்ணிக்கை, வர மூன்று எண்ணிக்கை.

அவர் பாடிய மெட்டில் ஐந்து சுரங்கள்தான். கிட்டாரில் மெல்லிய கம்பிகள் மூன்றிலேயே அவற்றை எடுத்துவிடலாம். ஜி கம்பியை அழுத்தாமல் ஒரு தடவை, இரண்டாம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை) அழுத்தி ஒரு தடவை. பி கம்பியை அழுத்தாமல், பிறகு மூன்றாம் ஃப்ரெட்டில். கடைசி ஈ கம்பியை அழுத்தவே வேண்டாம். ஆக, விரல் வைக்க வேண்டிய இடம் இரண்டே இரண்டு. பிள்ளைகளின் குரல் மேலே இருப்பதால் கிட்டாரின் கழுத்தில் கேப்போ என்ற கவ்வியை மாட்டிச் சுருதியை ஏற்றிக்கொள்கிறோம், விரல் பிடிக்கும் முறை அதேதான். நம் நாட்டுப்புறப் பாட்டில் கார்ட், அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிப்பது, என்ற ஒன்று கிடையாது. ஆசிரியர் ஈ மைனர், ஜி என இரண்டை மட்டும், மெட்டை மூடிவிடாமல் அளவாகச் சேர்த்திருக்கிறார். ஈ மைனருக்கு இரண்டு விரல் போதும். ஜிக்கு மூன்று விரலை நன்றாக விரிக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு விரல் போய்ச் சேருவதற்குள் தொட்டில் நின்றுவிடும்.

வகுப்பு வாசலில் நிற்கும் உங்கள் காதில் விழுவது பெரும்பாலும் இந்தத் தடுமாற்றம்தான். ஃப்ரெட்டை ஒட்டி அழுத்தினால் ஒலி சுத்தமாக வரும். தள்ளி அழுத்தினால் கிர்ரென்று அதிரும். பக்கத்து விரல் லேசாக உரசினால்கூடத் தொப்பென்று அடங்கிவிடும். முதல் சில வாரங்கள் விரல் நுனி வலிக்கும், பிறகு காய்த்துப் போகும். கிட்டார் படிப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள், இதில் குறுக்கு வழி இல்லை. இதைத் தாண்டுவதற்குப் பிள்ளைக்குத் தப்புத் தப்பாக வாசிக்க ஓர் இடம் வேண்டும். யாரும் கேட்காத, யாரும் பதிவு செய்யாத இடம். அந்த இடத்தை நாம் கெடுத்துக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

வகுப்பு முடிவது 4.30 மணிக்கு. 4 மணிக்கெல்லாம் ஜன்னல் ஓரத்தில் ஆறேழு கைபேசிகள் உயர்ந்துவிடுகின்றன. ஆசையில்தான் எடுக்கிறீர்கள், அது தெரிகிறது. ஆனால் பிள்ளைகளின் கண் விரலில் இருப்பதில்லை, ஜன்னலில் இருக்கிறது. ஒரு மாணவி கம்பியைத் தொடாமலே கையை மட்டும் அசைக்கிறாள். தப்பு கேட்டுவிடக் கூடாதாம்.

கார்த்திகையில் ஒரு மாணவன் கார்ட் மாற்றத் திணறிய சில நொடி வீடியோ, சிரிப்புப் பொம்மையோடு ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போனது. அங்கிருந்து வேறு குழுக்களுக்கும் போனது. திங்கட்கிழமை பள்ளி வேனில் அதைச் சொல்லியே அவனைக் கேலி செய்திருக்கிறார்கள். அடுத்த மூன்று சனிக்கிழமையும் அவனுக்கு வயிற்றுவலி. கிட்டார் உறையோடு கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது என்று அவன் அம்மா என்னிடம் சொன்னபோது கண் கலங்கினார். அவர்கள் இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் பெயர் சொல்லாமல் இதை எழுதுகிறேன்.

அப்பத்தா பாடியபோது நாங்களும் பதிவு செய்தோம். முதலில் அவரிடம் கேட்டோம். இருமல் வந்த பதிவை அழித்துவிடச் சொன்னார், அவர் கண் முன்னாலேயே அழித்தோம். எழுபது வயதுக்காரருக்குக் கொடுத்த மரியாதையைப் பதினோரு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாமா?

எனவே இந்தச் சனிக்கிழமை முதல் கிட்டார் வகுப்பு நடக்கும் நேரத்தில் அந்தக் கட்டிடத்துக்கு அருகில் யாரும் கைபேசியில் படமோ குரலோ பதிவு செய்யக் கூடாது. அழைத்துப் போக வருகிறவர்கள் வேப்பமரத்தடியில் காத்திருங்கள், பெஞ்சு போட்டிருக்கிறோம். அந்த வீடியோ யார் கைபேசியில் இருந்தாலும் இன்றே அழித்துவிடுங்கள். நம் பள்ளிப் பிள்ளை யாருடைய வீடியோவையும், அந்தப் பிள்ளையையும் அதன் பெற்றோரையும் கேட்காமல் எந்தக் குழுவிலும் போடக் கூடாது. மீறினால் அவர்கள் வளாகத்துக்குள் வர முடியாது, பிள்ளையை வாசற்கதவில்தான் ஒப்படைப்போம். இதில் யாருக்கும் விலக்கு இல்லை. ஆசிரியர்களுக்கும் எனக்கும் இதே விதிதான்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் யோசிக்காமல் இல்லை. நம் பிள்ளைகளில் பலருடைய அப்பா சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ துபாயிலோ இருக்கிறார். பிள்ளை கிட்டார் பிடிப்பதை அவர் பார்க்க வேண்டும், அதற்குத்தான் படம் எடுக்கிறேன் என்று ஒரு அம்மா சொன்னார். சரி, அதற்கு வழி செய்கிறோம். ஆண்டு விழாவுக்கு முந்தைய ஒத்திகையைப் பள்ளியே முழுதாகப் பதிவு செய்யும். பிள்ளைகள் பார்த்துச் சம்மதித்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிரதி வரும். அதுவரை, பிள்ளையாக விரும்பி "அப்பாவுக்கு வாசித்துக் காட்டட்டுமா" என்று கேட்டால் தாராளமாக வீடியோ அழைப்பில் வாசிக்கட்டும்.

வீட்டில் தினம் பத்து நிமிடம் எடுத்து வாசித்தாலே போதும். திண்ணையோ பட்டாலையோ, அவர்களுக்குப் பிடித்த இடத்தில் உட்காரட்டும். வாசித்த பிறகு கிட்டாரை முற்றத்து வெயிலிலோ காருக்குள்ளோ விட்டுவிடாதீர்கள், சூட்டில் பசை இளகி மரம் விட்டுக்கொள்ளும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், நகம் நீண்டிருந்தால் விரல் நுனி கம்பியில் சரியாகப் பதியாது. சுருதி சேர்க்கும் செயலிக்காகக் கைபேசி கேட்டால் கொடுத்து, சேர்த்து முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். விருந்தாளி வந்ததும் "எங்கே, ஒன்று வாசித்துக் காட்டு" என்று மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டில் அப்பத்தாவோ ஆயாவோ இருந்தால், அவர்களுக்குத் தெரிந்த தாலாட்டு வரிகளைப் பிள்ளைக்குப் பாடிக்காட்டச் சொல்லுங்கள். வீட்டுக்கு வீடு வரி மாறுகிறது. பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிச் சேர்த்துவருகிறார்கள், கால்வாசி நிரம்பிவிட்டது. பாட்டில் எந்த உறவு எந்தப் பூவால் அடித்தது என்று அவர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடக்கிறது.

நான் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் வீடியோவை நீக்கி, அந்த மாணவனின் வீட்டுக்கே போய் வருத்தம் தெரிவித்துவிட்டு வந்த பெற்றோருக்கு என் மனமார்ந்த நன்றி. அது எல்லோராலும் முடிகிற காரியம் இல்லை. சொந்தக் கிட்டார் இல்லாத பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டில் சும்மா இருந்ததைக் கொடுத்த மூன்று குடும்பங்களுக்கும், அறுந்த கம்பிகளை மாற்றித் தந்தவருக்கும், முழங்கால் வலியோடு படியேறி வந்து பாடிய அப்பத்தாவுக்கும் நன்றி.

அந்த மாணவன் போன சனிக்கிழமை வந்தான். கிட்டார் கொண்டுவரவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தொட்டில் எண்ணிக்கையைக் கையால் தட்டிக்கொடுத்தான். இந்த வாரமும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். வகுப்பு வழக்கம்போல 3 மணிக்கு.

அன்புடன்,
தலைமையாசிரியர்