தேவசித்தத்தைக் குறித்து நண்பனுக்கு

பாளையங்கோட்டை

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பனுக்கு,

இயேசுவின் இனிய நாமத்தில் ஸ்தோத்திரம். உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. கையைப் பிடித்துக்கொண்டால் அம்மா இப்போது கட்டிலில் எழுந்து உட்காருகிறார்கள் என்பதை வாசித்து வீட்டில் எல்லோரும் ஆண்டவருக்கு நன்றி சொன்னோம். இங்கே அனைவரும் சுகம். ஆலயத்தில் அசன விருந்துக்கான வேலைகள் தொடங்கிவிட்டன.

மும்பை வேலையை ஏற்பதா, அம்மாவோடு நாகர்கோவிலிலேயே இருந்துவிடுவதா என்று தெரியாமல், புது வருஷ ஆராதனையில் கிடைத்த, வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை எடுத்து எடுத்துப் பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். அப்பாவின் வயலை நான் விற்ற கதை உனக்கு முழுவதும் தெரியாது. அன்றிரவு முழங்காலில் நின்று ஜெபித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தையே உத்தரவாக எடுத்துக்கொண்டேன். "ஒரு வாரம் பொறுத்திருக்கலாமே" என்று என் மனைவி சொன்னது எனக்கு அவிசுவாசமாகப் பட்டது. வயலும் போய், அந்தப் பணத்தைப் போட்ட வியாபாரமும் நொடித்தபோது, இரண்டு வருஷம் ஜெபிக்க மனமில்லாமல் ஆண்டவர்மேல் கோபமாக இருந்தேன். முடிவை நானே எடுத்துவிட்டு, அதற்கு அவருடைய கையெழுத்தை மட்டும் கேட்டிருந்தேன் என்பது வெகுநாள் கழித்தே புரிந்தது.

வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் வாழ்க்கை இந்த நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அவரும் நோயுற்ற தாயைக் கவனிக்கத்தான் திண்டிவனத்துக்கு வந்தார். மிஷனரியாக இங்கே தங்கிவிடக் கூடாது, சீக்கிரம் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராகக் கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்ற வரும்படி கெஞ்சினார்கள். மருத்துவரான தன் தந்தையை அழைத்துப்போகச் சொன்னபோது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூவரும் மறுத்தார்கள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். ஐடா மருத்துவம் படித்து, 1899-இல் பட்டம் பெற்று, அடுத்த வருஷமே இந்தியாவுக்குத் திரும்பினார். கண்முன் வந்து நின்ற தேவையிலேயே அவர் கர்த்தருடைய சத்தத்தைக் கேட்டார். இதைச் சொல்வதால், அம்மாவுடனேயே இருந்துவிடு என்று சொல்ல வருகிறேன் என எண்ணிவிடாதே. ஐடாவுக்குத் தாயின் வீட்டில் கிடைத்த அழைப்புதான், படிப்பதற்காக அவரைத் தாயைவிட்டுத் தூரமாகவும் கொண்டுபோனது.

அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை நேற்று மறுபடியும் வாசித்தேன். ஆசியாவில் வசனத்தைச் சொல்லப் பவுலுக்குத் தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தால் அங்கேயும் தடை. துரோவாவில், மக்கெதோனியாவுக்கு வரும்படி அழைத்த தரிசனத்தைக் கண்டவன் பவுல் ஒருவன்தான். ஆனால் கர்த்தர் அழைத்தார் என்று 'நாங்கள்' நிச்சயித்துக்கொண்டோம் என்றே எழுதியிருக்கிறது. உடனிருந்தவர்களோடு கலந்து எடுத்த முடிவு அது. அப்படித் தேவசித்தத்தின்படியே போன மக்கெதோனியாவின் பிலிப்பியிலும் அடி விழுந்தது, கால்கள் தொழுமரத்தில் மாட்டப்பட்டன. பாடு வந்துவிட்டால் வழி தவறிவிட்டோம் என்று பயப்படுகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த அதிகாரம் பெரிய ஆறுதல்.

உன் கடிதத்தில் சம்பளம் இருக்கிறது, பிள்ளைகளின் படிப்பு இருக்கிறது, போதகர் சொன்ன ஆலோசனையும் இருக்கிறது. அம்மா என்ன நினைக்கிறார்கள் என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. அவர்களுக்குப் பேச்சு குழறுகிறதே தவிர மனம் தெளிவாக இருக்கிறது என்று நீதானே எழுதியிருக்கிறாய்? சாயங்கால ஜெபம் முடிந்ததும் கட்டிலருகே உட்கார்ந்து, மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிக் கேள். பதில் சொல்ல அவர்களுக்கு நேரம் கொடு.

அசனம் முடிந்த திங்கட்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். இரண்டு நாள் தங்கி, இரவில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். நீ கொஞ்சம் தூங்கு.

உன் அன்பு நண்பன்