எட்டு நாளும் ஒரே ரயிலா? ஆல்ப்ஸ் புகைப்படப் பயணம் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பு வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

அக்டோபர் பயணத்தின் நிரலைப் போன வாரம் அனுப்பியதிலிருந்து அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை. பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஏனுங்க, எட்டு நாளும் ஒரே ரயிலையா பார்க்கறது? அதே காசுக்கு மத்தவங்க அஞ்சு நாடு காட்டறாங்களே?" நியாயமான கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் இந்த மடல்.

போகும் இடம் சுவிட்சர்லாந்தின் தென்கிழக்கு மூலை, கிரவுபுண்டன் மாநிலம். அங்கே ஓடுவது ரேட்டிஷே பான், சுருக்கமாக ஆர்.எச்.பி. சிவப்பு வண்டிகள், மொத்தம் 384 கிலோமீட்டர் பாதை. அதில் துசிஸிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் வரை அல்புலா பாதை, அங்கிருந்து இத்தாலியின் திரானோ வரை பெர்னினா பாதை. இந்த இரண்டும் சேர்ந்து 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பிடித்தன. நம் நீலகிரி ரயில் அந்தப் பட்டியலுக்கு 2005இலேயே போய்விட்டது என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் மேட்டுப்பாளையத்துக்காரனுக்குச் சோறு இறங்காது.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் விளம்பரத்தில் ஒரு பிழையைப் பிடித்தார். "நேரோகேஜ்னு போட்டிருக்கீங்க, ஆனா அது 1,000 மில்லிமீட்டர். மீட்டர்கேஜ் இல்லையா?" நம் கணக்கில் அவர் சொல்வது சரி. ஐரோப்பாவில் 1,435 மில்லிமீட்டருக்குக் கீழே எது வந்தாலும் நேரோகேஜ்தான். ஆக, ஊட்டி ரயிலின் அகலமும் அந்த ரயிலின் அகலமும் ஒன்றே. குன்னூருக்கு ஏறும் நம் எக்ஸ் வகை நீராவி இஞ்சின்களில் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் ஆலையில் பிறந்தவை உண்டு. வேறுபாடு ஏற்றத்தில். நமக்கு 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம், அதற்குப் பல்சக்கரம் வேண்டும். பெர்னினா பாதையில் 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏற்றம், பல்சக்கரம் கிடையாது. வெறும் சக்கரமும் தண்டவாளமும் உரசுகிற பிடியிலேயே வண்டி 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறி, திரானோவில் 429 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது.

சரி, எட்டு நாள் எதற்கு?

அந்தப் பாதையில் பெரும்பாலான வண்டிகள் மணிக்கொன்று ஓடுகின்றன. 9.17க்கு ஒரு வண்டி ஓர் இடத்தைக் கடந்தால் அடுத்தது 10.17, அதற்கடுத்தது 11.17. (எண்ணை உதாரணத்துக்குப் போட்டேன், அட்டவணையை டிசம்பரில் மாற்றுவார்கள்.) ஒற்றைப் பாதை என்பதால் எதிர்வண்டிகள் குறித்த நிலையத்தில் குறித்த நிமிடத்தில்தான் விலக முடியும். ஒரு மணி நேரத்தைப் படித்துவிட்டால் நாள் முழுவதையும் படித்த மாதிரி. இதிலேயே தொல்லையும் இருக்கிறது. ஓரிடத்தில் நின்றால் மணிக்குப் போவது ஒன்று, வருவது ஒன்று என இரண்டு வண்டி, கூட்டிப் பார்த்தால் ஒரு சரக்கு வண்டியோ சுற்றுலா விரைவு வண்டியோ. அந்த இரண்டு தருணத்திலும் சூரியனை ஒரு மேகம் மறைத்தால் அந்த மணி நேரம் போச்சு. பத்து நிமிட நிறுத்தத்தில் எடுக்கிற படம் ஊரில் எல்லாரிடமும் இருக்கிறது.

லாண்ட்வாசர் பாலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிலிசூருக்குப் பக்கத்தில் ஆறு வளைவு, 65 மீட்டர் உயரம், 100 மீட்டர் ஆரமுள்ள திருப்பம். பாலம் முடிகிற இடத்தில் செங்குத்துப் பாறை, அதிலேயே ரயில் நுழையும் குகை. இஞ்சின் குகையிலிருந்து மூக்கை நீட்டியதிலிருந்து மறுகரை சேர்வதற்குள் இருபது வினாடிகூட ஆகாது. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் குழுவைக் கீழே ஆற்றங்கரையில் ஒரு மணி நேரம் நிறுத்தினோம். முதல் வண்டி வந்தபோது ஒருவர் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார், இன்னொருவர் பிஸ்கட் பாக்கெட் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வண்டியின்போது நிழல் பாலத்தின் பாதிவரை ஏறிவிட்டது. எங்கள் திட்டத்தின் தவறு அது. இந்த முறை ஃபிலிசூரிலேயே இரண்டு இரவு தங்குகிறோம். பள்ளத்திலிருந்து ஒரு வேளை, மேலே உள்ள காட்சிமேடையிலிருந்து ஒரு வேளை. பக்கத்திலேயே டாவோஸ் கிளைப்பாதையில் வீசன் பாலம் இருக்கிறது. லாண்ட்வாசரைவிட இருபது மீட்டருக்கு மேல் உயரம். ஆனால் தபால்தலையில் வருகிற முகம் இல்லை, அதனால் கூட்டம் இல்லை. பாலத்தின் ஓரமாகவே நடைபாதை போகிறது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அதே அல்புலா பாதையில், பெர்கூனுக்கும் பிரேடாவுக்கும் இடையே இன்னொரு வேடிக்கை. நேர்க்கோட்டில் சுமார் 5 கிலோமீட்டர். ரயில் அதற்கு 12 கிலோமீட்டர் சுற்றுகிறது. 400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும், ஆனால் ஏற்றம் நூற்றுக்கு மூன்றரைக்கு மேல் போகக் கூடாது என்று கட்டியவர்கள் வைத்த கணக்கு. மலைக்குள் சுருள் சுருளாகக் குகை வெட்டி, ஒரே பள்ளத்தாக்கை மறுபடி மறுபடி தாண்டிப் போகிறது பாதை. நின்ற இடத்திலிருந்து அதே வண்டியைக் கீழே ஒரு முறை எடுத்துவிட்டு, தலைக்கு மேலே இன்னொரு முறை எடுக்கலாம். பாதையை ஒட்டி நடைவழியும் உண்டு. வண்டியில் பிரேடா போய் இறங்கி, பெர்கூனுக்கு நடந்தே இறங்குவோம். ஏறி நடக்கிற வீரம் யாருக்காவது இருந்தால் தடுக்க மாட்டோம். பழைய படங்களைப் பார்த்துப் பிரேடா குகைமுகப்பைக் குறித்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு சேதி: 2024 ஜூனில் பக்கத்திலேயே புதிய அல்புலா குகை திறந்தாகிவிட்டது. 1903இலிருந்து ஓடிய பழைய குகை இப்போது அவசர வழிக்கு.

இனி வெயில். பயணத் திட்டத்தை நாங்கள் வண்டி நேரத்தை வைத்துப் போடவில்லை, சூரியனை வைத்துப் போட்டோம். அக்டோபர் நடுவில் நண்பகலில் நம் ஊரில் சூரியன் 70 டிகிரி உயரத்தில் நிற்கும். அங்கே 35 டிகிரிதான். நாள் முழுக்க நமக்கு மாலை வெயில் மாதிரி சாய்வெளிச்சம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மலைகள் உயரம், பள்ளத்தாக்குத் தரையில் வெயில் விழவே முற்பகல் ஆகிவிடும் இடங்கள் உண்டு. பெர்னினா பாதையில் மோர்ட்டெராட்ச் அருகே மொன்டெபெல்லோ வளைவு இருக்கிறதே, பனியாறும் 4,049 மீட்டர் பிட்ஸ் பெர்னினா சிகரமும் பின்னால் நிற்க, முன்னால் சிவப்பு வண்டி வளைந்து வருகிற அந்த நாள்காட்டிப் படம், அங்கே பனியாறு தெற்குப் பக்கம். நண்பகலில் போனால் சூரியன் நேர் எதிரே, வண்டி கரிக்கட்டை. பக்கவெளிச்சம் வேண்டுமென்றால் முன்னதாகப் போக வேண்டும், அல்லது வெயில் சாயும்வரை காத்திருக்க வேண்டும். பக்கத்துப் பொன்ட்ரெசினாவில் மூன்று இரவு போட்டிருப்பது இதற்காகத்தான்.

அக்டோபர் ஏன் என்றால் லார்ச் மரம். ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்க்கும் மரம் அது. அந்த இரண்டு மூன்று வாரம் செயின்ட் மோரிட்ஸ் இருக்கிற எங்கடீன் பள்ளத்தாக்கு முழுக்க மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கும். அந்த மஞ்சளில் சிவப்பு வண்டி. மாதக் கடைசிக்குத் தள்ளினால் பல விடுதிகள் பனிக்காலத்துக்கு முந்தைய இடைவேளைக்கு மூடிவிடுகின்றன.

கண்ணாடிக்கூரை விரைவு வண்டியில் ஏன் இடம் போடவில்லை என்று கேட்டவர்களுக்கு: பெர்னினா எக்ஸ்பிரஸில் உட்கார்ந்து பார்க்கச் சுகம், படம் எடுக்கச் சங்கடம். சன்னல் திறக்காது. முதல் பயணத்தில் நான் வெள்ளைச் சட்டை போட்டுப் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் லாகோ பியாங்கோ ஏரி, பாலு பனியாறு, எல்லாவற்றின் மேலும் கண்ணாடியில் பிரதிபலித்த என் சட்டை. சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தாலும் அதில் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அதே தண்டவாளத்தில் சாதாரண வண்டி ஓடுகிறது. அந்தப் பாஸ் இருந்தால் நினைத்த இடத்தில் ஏறலாம், இறங்கலாம். சில பெட்டிகளில் சன்னலை இறக்கவும் முடியும். கூரையில்லாத மஞ்சள் பெட்டி கோடைக்கானது, நமக்கு அது கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சின்ன நிலையங்கள் பலவற்றில் கேட்டால்தான் வண்டி நிற்கும். பெட்டிக்குள் பொத்தானை அழுத்த வேண்டும், நடைமேடையிலும் அப்படியே. அழுத்த மறந்தால் வண்டி நம்மைப் பார்த்துக்கொண்டே போய்விடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்போம். நம் ஊட்டி ரயில் பாதையில் ஹில்குரோவில் இஞ்சின் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் இறங்கி, தண்டவாளத்தில் நின்று படம் எடுத்துப் பழகியவர்கள் நாம். அங்கே அது கூடாது. மின்சார வண்டி, புகையும் கிடையாது, சத்தமும் அதிகம் கிடையாது. வளைவுக்கு அப்பால் வருவது தெரியவே தெரியாது. அல்புலா பாதையில் தலைக்கு மேல் 11,000 வோல்ட், பெர்னினாவில் 1,000 வோல்ட். பாலத்தின் மேலிருந்து செல்ஃபி குச்சியை நீட்டுகிறவர்களை அன்றே விடுதிக்குத் திருப்பி அனுப்புவோம். லே பிரேசேயிலும் திரானோவிலும் வண்டி தெருவிலேயே, கார்களோடு கார்களாக வரும். ஆசைக்கு அங்கே கிட்டே நின்று எடுத்துக்கொள்ளலாம், தெருவின் ஓரத்தில் நின்று. புரூசியோவில் ஒன்பது வளைவுப் பாலம் வட்டமடித்துத் தன் காலுக்கடியிலேயே நுழைகிற இடத்திலும் புல்வெளியிலிருந்தே எல்லாம் கிடைக்கும்.

கேமரா பற்றிக் கொஞ்சம். வண்டி மெதுவாகத்தான் போகும், ஷட்டர் வேகம் 1/500 வினாடி போதும். புதிய வண்டிகளின் நெற்றியில் ஊர்ப்பெயர் எல்இடியில் ஓடுகிறது. 1/1000 வைத்தால் எழுத்து பாதிதான் பதியும். பெயர் வேண்டுமென்றால் 1/125க்கு இறங்குங்கள், வண்டி நிற்கும்போது. பனி விழுந்திருந்தால் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டுங்கள், இல்லாவிட்டால் பனி சாம்பலாகும். பாதையின் உச்சி நிலையமான ஓஸ்பிட்சியோ பெர்னினாவில் குளிர் பேட்டரியைத் தின்றுவிடும். ஒன்றைச் சட்டைக்குள் உடம்போடு வைத்திருங்கள். குளிரிலிருந்து உணவகத்துக்குள் நுழையும்முன் கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். இட்லிச் சட்டி திறந்தால் மூக்குக்கண்ணாடி வேர்க்கிற மாதிரி லென்ஸ் வேர்க்கும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். திரும்பும் நாளுக்குப் பிறகு பாஸ்போர்ட் குறைந்தது மூன்று மாதம் செல்ல வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். 30,000 யூரோ மருத்துவக் காப்பீட்டை நாங்களே எடுத்துத் தருகிறோம். திரானோ இத்தாலி, அதே விசா செல்லும், ஆனால் காப்பிக்கு யூரோ கேட்பார்கள். எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதாக இல்லை. காட்சிமேடையில் அதற்கு மேல் முக்காலி விரிக்க இடமில்லை. ஐந்து இடம் முடிந்தது. மீதி மூன்றுக்கு வருகிறவர்கள் பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்களை இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவையுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: பெர்னினா பாதையில் உள்ள போஸ்கியாவோவில் பிட்சோக்கெரி கிடைக்கும். மரக்கோதுமை (பக்வீட்) நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், மேலே நிறைய சீஸ். வயிறு நிறையும். பார்லி சூப் என்று பெயரைப் பார்த்து மட்டும் ஏமாறாதீர்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள், பெரும்பாலும் அதில் இறைச்சித் துண்டு மிதக்கும்.

அன்புடன்,
மேட்டுப்பாளையம் அலுவலகத்திலிருந்து