ஓமத்தண்ணீர் வராது, கடிதம்தான் வருகிறது

முள்ளியவளை
தை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஓமத்தண்ணீரும் வசம்பும் பிரித்தானியாவுக்குப் பார்சலில் போட்டுவிடச் சொல்லிக் கேட்டிருந்தாய். இரண்டும் வராது. குடும்பநல உத்தியோகத்தராகத் தண்ணீரூற்று, குமுழமுனை, வற்றாப்பளை என்று சைக்கிள் மிதித்தே வயதைக் கரைத்தவளின் மகன், பிள்ளையின் வயிற்றுக் குத்துக்கு யூடியூப்பில் மருந்து தேடுகிறான் என்று தங்கை சொன்னாள். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். தங்கை படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். இரவில் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும்போது துண்டு துண்டாக வாசி.

முதலில் நாட்காட்டியைப் பார். சின்னவளுக்கு இப்போது ஆறாவது கிழமை. பிறந்து இரண்டு மூன்று கிழமையில் தொடங்கி, ஆறாவது கிழமையளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்குவதுதான் இந்த அழுகையின் வழக்கம். அதுவும் பின்னேரமானால் கூடும். 1954 இல் மொரிஸ் வெசல் என்ற அமெரிக்கப் பிள்ளை வைத்தியர் இதற்கு ஒரு கணக்கு வைத்தார்: நன்றாகப் பால் குடித்து வளரும் பிள்ளை நாளுக்கு மூன்று மணித்தியாலத்துக்கு மேல், கிழமைக்கு மூன்று நாளுக்கு மேல், மூன்று கிழமைக்கு மேல் அழுதால் அது ‘கொலிக்’. காரணம் இன்றுவரை முழுதாகத் தெரியாது. ஆகவே பொழுதுபடும் நேரத்தில் உங்கள் வீட்டில் நடப்பது உங்கள் வளர்ப்பின் பிழையும் அல்ல, நாவூறும் அல்ல. சம்பந்தியம்மா செத்தல் மிளகாய் சுற்றிப் போடச் சொன்னால் போடுங்கள், அதில் தீங்கில்லை. புகை மட்டும் பிள்ளையின் மூக்கில் படக்கூடாது.

வீரிட்டு அழும் பிள்ளை அழுகையோடு அழுகையாகக் காற்றையும் விழுங்குகிறது. பிறகு வயிறு உப்புகிறது. நாங்கள் உப்பிய வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, காற்றினால்தான் அழுகிறது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். பாதி வீடுகளில் நான் கண்டது இதுதான். அழத் தொடங்கிய பிறகு பால் கொடுப்பது பிந்திய வேலை. கையைச் சூப்புவாள், தலையை அங்குமிங்கும் திருப்பி வாயால் தேடுவாள். அந்த நேரத்திலேயே மருமகளிடம் கொடுத்துவிடு.

பால் குடிக்கும்போது ‘டக் டக்’ என்று நாக்குச் சத்தம் கேட்டால் காற்று உள்ளே போகிறது. வாய் அகலத் திறந்து, நாடி மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வியிருந்தால் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு எடுத்து மறுபடி போடச் சொல். இரவில் நீ கொடுக்கும் போத்தல் பாலுக்கும் ஒழுங்கு உண்டு. பிள்ளையைப் படுக்கவைத்துக் கொடுக்காதே. நிமிர்த்திப் பிடித்து, போத்தலை ஏறக்குறையக் கிடையாக வைத்து, சூப்பிக்குள் பால் நிறைந்திருக்கும்படி பார். இடையிடையே நிறுத்தி மூச்சு விடச் செய். பால்மா கரைத்தால் குலுக்கிய கையோடு கொடுக்காமல் நுரை அடங்க விடு. அந்த நேரத்தில் சூடும் ஆறும்.

இனி ஏவறை. நீ வீடியோவில் காட்டியதைப் பார்த்தேன். முதுகில் மேளம் அடிக்கிறாய். அது வேண்டாம். ஒன்று, அவளுடைய நாடி உன் தோளுக்கு மேலே வரும்படி உயர்த்திப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் மெல்லத் தடவு. அல்லது மடியில் இருத்தி, சற்று முன்னுக்குச் சாய்த்து, ஒரு கையால் நாடியைத் தாங்கு. தாங்குவது தாடை எலும்பை. தொண்டையில் விரல் படக்கூடாது. சில நிமிடம் பார். வரவில்லையென்றால் பிடியை மாற்று. அப்போதும் வரவில்லையென்றால் விட்டுவிடு. எல்லாப் பிள்ளையும் ஒவ்வொரு பாலுக்கும் ஏவறை விடவேண்டும் என்று சட்டம் இல்லை. ஏவறைக்காகத் தூங்கும் பிள்ளையைத் தட்டி எழுப்பும் அப்பாமாரை எனக்குப் பிடிக்காது. கொஞ்சம் பால் கக்கினால் துடைத்துவிட்டு உன் வேலையைப் பார்.

நீ பிறந்த காலம் உனக்குக் கதையாகத்தான் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து 1995 கடைசியில் இடம்பெயர்ந்த சனமும், அடுத்த வருடம் கிளிநொச்சியிலிருந்து வந்த சனமும் பள்ளிக்கூடங்களிலும் மரங்களுக்குக் கீழும் இருந்த காலம். மருந்து கட்டுப்பாட்டோடுதான் வரும். கிரைப் வாட்டர் கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். நீ பொழுதுபட்டால் கத்துவாய். உன் அப்பா உன்னை இடதுகையில் குப்புறப் போட்டு, உன் தலை முழங்கை மடிப்பில் கிடக்க, கால் இரண்டும் கையின் இருபுறமும் தொங்க, வளவைச் சுற்றி நடப்பார். வயிறு கையில் பதிந்திருக்கும் இதமும், நடையின் ஆட்டமும் சேர நீ அடங்குவாய். இன்றைக்கும் எனக்குத் தெரிந்த நல்ல வைத்தியம் அதுதான். அப்பாவின் கைக்குத்தான் நீளம் காணும் என்று அந்த நாளில் தாய்மாருக்குச் சொல்லி, ஆண்களின் கையில் பிள்ளையைத் திணித்துவிட்டு வருவேன். இதை எழுதும்போது எட்டிப் பார்த்த அப்பா, ‘வலது கையிலும் பிடிக்கலாம் என்று எழுது’ என்கிறார். எழுதிவிட்டேன். கதிர் முற்றி நிற்பதால் இரவில் பன்றிக் காவலுக்குப் போகிறார். பகலில் இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

அந்தப் பிடியோடு சோபாவில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடாதே. சோபாவில் பிள்ளையோடு தூங்குவதைப் போல ஆபத்து வேறில்லை. தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்க, தட்டையான மெத்தையில், தலையணை இல்லாமல். குப்புறப் போட்டால் காற்றுப் போகும் என்று யாராவது சொன்னால், விழித்திருக்கும்போது உன் கண்ணுக்கு முன்னால் மட்டும் போடு. பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைக்கும்படி உங்கள் நாட்டில் 1991 இல் பெரிய பிரசாரம் நடந்தது. அதன் பிறகு தொட்டில் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன.

வயிறு தடவுவதற்குக் கையை உரசிச் சூடாக்கிக்கொள். பால் குடித்த உடனே வேண்டாம், கொஞ்ச நேரம் போகட்டும். தொப்புளைச் சுற்றி மணிக்கூட்டு முள் போகும் திசையில் தடவு. பெருங்குடல் பிள்ளையின் வலப்பக்கம் மேலேறி, குறுக்கே போய், இடப்பக்கம் இறங்குகிறது; தடவலும் அதே வழியில் போக வேண்டும். இடையில் முழங்கால் இரண்டையும் மடித்து வயிற்றோடு மெல்ல அழுத்தி விடு. கால்களை மாறி மாறிச் சைக்கிள் ஓட்டுவதுபோல் ஆட்டு. வெற்றிலையில் எண்ணெய் பூசி விளக்கில் வாட்டி வயிற்றில் வைக்கும் பழக்கம் இங்கே உண்டு. தோல் வெந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். உன் உள்ளங்கைச் சூடு காணும்.

முகம் சிவக்க முக்கி முனகி, பிறகு களிபோல மலம் போகிறாள் என்று மருமகள் பயந்தாளாம். அது மலச்சிக்கல் அல்ல. முக்கும்போது கீழே தளர்த்த வேண்டும் என்பதை அந்த உடம்பு இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். வெற்றிலைக் காம்பு, சவர்க்காரத் துண்டு எதையும் பின்பக்கம் வைக்காதீர்கள். புண்ணாகும், தூண்டினால்தான் போகும் என்ற பழக்கமும் வந்துவிடும்.

வசம்பை ஏன் அனுப்பமாட்டேன் என்றால், அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது; ஆய்வில் விலங்குகளுக்குப் புற்றுநோய் கொடுத்த பொருள் அது. அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்ப்பதை 1968 இலேயே தடை செய்துவிட்டார்கள். விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரைத்து நாக்கில் தடவுகிறோம். எவ்வளவு போகிறது என்று அளந்தவர் யார்? ஓமத்தண்ணீரின் சங்கதி வேறு. ஆறு மாதம் வரை பிள்ளைக்குத் தண்ணீரே தேவையில்லை. சின்ன வயிற்றில் தண்ணீர் நிரம்பினால் பாலுக்கு இடமில்லை. கொதிக்க வைத்ததோ, போத்தல் கழுவியதோ நமக்குத் தெரியாது. தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டும் வைக்காதே, பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சுக் கிருமி அதில் இருக்கக்கூடும். பெருங்காயம் வாய்க்குள் போகவே கூடாது.

கிரைப் வாட்டரின் கதை கேள். 1851 இல் நொட்டிங்காமில் வில்லியம் வூட்வேர்ட் என்ற மருந்துக்காரர் அதை உண்டாக்கினார். சதுப்பு நிலக் காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, கொடுத்த கலவையைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். சதகுப்பை எண்ணெய், சோடியம் பைகார்பனேட், சீனி, அதோடு மதுசாரம். பிள்ளைகள் ஏன் அமைதியானார்கள் என்று இனி நான் சொல்லத் தேவையில்லை. 1990களின் தொடக்கத்தில் உங்கள் நாட்டில் மதுசாரத்தை எடுத்துவிட்டார்கள். மலேரியா என்றதும் ஞாபகம் வருகிறது, வன்னியில் நாங்கள் அதில் நடுங்கிய நடுக்கம்! 2016 இல் இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தபோது எனக்கு வந்த சந்தோஷம் உங்கள் கிரிக்கெட் வெற்றிகளுக்கு வந்ததில்லை. வயிற்றுக் காற்றுக்கென்று சிமெதிக்கோன் துளிகளைப் பார்மசியில் கொடுப்பார்கள். ஆய்வுகளில் அது வெறும் தண்ணீரை விடப் பெரிதாகப் பலன் காட்டவில்லை. உங்கள் மனத்துக்கு ஆறுதல் என்றால் அளவோடு கொடுங்கள்.

மருமகளின் பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. பருப்பு, கிழங்கு, பலா என்று எல்லாவற்றையும் நிறுத்தி அவளை வாட வைத்திருக்கிறீர்கள். தாயின் குடலில் உண்டாகும் வாயு பாலுக்குள் போக வழியே இல்லை. பால் இரத்தத்திலிருந்து ஊறுவது. பசுப்பால் புரதம் மட்டும் சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. மலத்தில் இரத்தம், தோலில் தடிப்பு, ஓயாத வாந்தி இருந்தால் வைத்தியரைக் கேட்டுத்தான் அதை நிறுத்த வேண்டும். சம்பந்தியம்மாவோடு சண்டை பிடிக்காதே. சரக்குத் தூளும் ஒடியல் மாவும் அனுப்புகிறேன், மிளகும் உள்ளியும் போட்டுச் சரக்குக் கறி வைத்து, சுறா கிடைத்தால் வறையும் செய்து, வயிறாரச் சாப்பிடச் சொல். கோப்பியை மட்டும் குறைத்தால் போதும்.

எதுவும் சரிவராத ஒரு இரவு வரும். பால் கொடுத்தாயிற்று, பம்பர்ஸ் மாற்றியாயிற்று, நடந்து கால் ஓய்ந்தாயிற்று, அப்போதும் கத்துவாள். கால்விரல்களை ஒருமுறை பார். தலைமயிர் ஒன்று சுற்றி இறுகியிருந்தாலும் பிள்ளை அப்படி அழும். ஒன்றுமில்லை, உனக்குத்தான் கோபம் ஏறுகிறது என்றால், அவளைத் தொட்டிலில் மல்லாக்கக் கிடத்திவிட்டு அடுத்த அறைக்குப் போ. சில நிமிடம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும். மருமகளுக்கும் இதைச் சொல். அவள் தொடர்ந்து கண்கலங்கியபடி இருந்தால் அதைப் பத்திய நாளின் பலவீனம் என்று தள்ளிவிடாமல் ஹெல்த் விசிட்டரிடம் சொல். நான் இங்கே சைக்கிளில் செய்த வேலையைத்தான் அந்தப் பிள்ளையும் அங்கே செய்கிறாள், வெட்கப்படாமல் கேள்.

இனி வருபவற்றுக்கு என்னை அழைக்காதே, வைத்தியரை அழை. உடம்புச் சூடு 38 பாகையோ அதற்கு மேலோ இருப்பது, பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், கல்லுப்போல் இறுகி வீங்கிய வயிறு, ஒவ்வொரு பாலுக்குப் பிறகும் பீறிட்டு அடிக்கும் வாந்தி, அரையில் புடைப்பு, பால் மறுப்பது, சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது, வழமை இல்லாத கீச்சுக் குரலில் அழுவது. உங்கள் மருத்துவ ஆலோசனை எண் 111 இல் கேட்கலாம். துவண்டாலோ மூச்சு வாங்கினாலோ அம்புலன்சுக்கு 999. அம்மா தூங்குவாளோ என்று யோசித்து இங்கே எடுத்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

எட்டாவது கிழமை ஊசி வருகிறது. வாயில் விடும் ரோட்டா வைரஸ் மருந்தும் அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஓரிரு நாள் சிணுங்குவாள், மலம் கொஞ்சம் இளகலாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் எவ்வளவு, எப்போது என்பதை ஊசி போடும் இடத்திலேயே எழுதி வாங்கு. அன்றைக்கு நிறுப்பார்கள் என்றால் பிள்ளையின் நிறையைக் குறிக்கும் சிவப்புப் புத்தகத்தின் பக்கத்தையும் படம் பிடித்து அனுப்பு. இந்த வயதில் கிழமைக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் எனக்குக் கவலை இல்லை. எவ்வளவு அழுதாள் என்பது பிறகு. முதலில் நிறையைச் சொல்.

அன்புடன்,
அம்மா