குப்பையோடு ஒரு சீட்டும் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் தந்தை விட்டுச்சென்ற சிறு நிலம் ஒன்று என் பெயரில் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறை போய்க் களை எடுத்து, வேலியைப் பார்த்துவிட்டு வருவேன். நான்கு மாதங்களுக்கு முன் ஒருநாள் காலையில் போனபோது வேலிக்கம்பி அறுபட்டுக் கிடந்தது. உள்ளே இரண்டு லாரி அளவுக்கு இடிபாடு. உடைந்த டைல்ஸ், கழிப்பறைக் கோப்பை, இறுகிப்போன சிமெண்ட் மூட்டைகள், பெயிண்ட் டப்பாக்கள், ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் துண்டுகள், 11 பழைய டயர்கள். ஈர மண்ணில் சக்கரத் தடம் அப்படியே பதிந்திருந்தது.

அடுத்த முறை போனபோது அதன் மேல் ஒரு கிழிந்த மெத்தையும் ஏழெட்டு மூட்டைகளும் சேர்ந்திருந்தன. ஏற்கெனவே குவியல் கிடக்கும் இடத்தில் கொட்ட யாருக்கும் கூச்சம் இருப்பதில்லை.

உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். பதிலாக எனக்கே ஒரு நோட்டீஸ் வந்தது. நில உரிமையாளர் என்ற முறையில் 15 நாட்களுக்குள் நானே அகற்ற வேண்டும், தவறினால் அபராதம். நேரில் போய்க் கேட்டபோது அங்கிருந்த ஊழியர், "கொட்டினது யார்னு தெரியாதும்மா. நிலம் உங்களுதுன்னு தெரியுது" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த ஒரே பெயர் என்னுடையதுதான்.

அள்ளிப் போட்டால் முடிந்தது என்று சொல்கிறவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். ஆஸ்பெஸ்டாஸ் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலக்கும். அதைச் சுவாசித்தவருக்கு நோய் தெரியவருவது பல பத்தாண்டுகள் கழித்துத்தான். தண்ணீர் தெளித்து நனைக்காமல், தகுந்த முகக்கவசம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது. கூலிக்கு வருகிற ஒருவரை வெறுங்கையோடு அதில் இறங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டயரோ, எப்படிப் புரட்டிப் போட்டாலும் உள்விளிம்பில் கொஞ்சம் தண்ணீர் தேங்கிவிடும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். என் நிலத்துக்கு இரண்டு வேலி தள்ளி ஒரு வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

கையுறை போட்டுக்கொண்டு மூட்டைகளைக் கிளறியபோது, ஒன்றில் முகவரியோடு ஒரு கடித உறை கிடைத்தது. அந்த வீட்டுக்கே போனேன். சண்டை போடத்தான் போனேன். அந்த மனிதர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதைக் கேட்டு முகம் வாடிப்போனவர், "காசு கொடுத்துதானே ஏத்தி அனுப்பினேன்? எங்கே போய்க் கொட்டுவான்னு நான் கேக்கலையேம்மா" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல்தான் மனசில் ஓடியது. என் வீட்டுச் சமையலறைத் தரையை மாற்றியபோது பெயர்த்த கற்களை நானும் ஒரு லாரியில் ஏற்றி அனுப்பினேன். வாசல் சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டேன். அது யார் நிலத்தில் போய் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் 28 வருடங்கள் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவள். கேட் பாஸ் இல்லாமல் ஓர் அட்டைப்பெட்டிகூட வெளியே போகாது. எடுத்துப்போகிறவர் கையெழுத்து, வாங்கிக்கொண்டவர் கையெழுத்து, இரண்டும் திரும்பி வந்தால்தான் கணக்கு முடியும். பயன்படும் பொருளுக்கு இத்தனை கவனம். கழிவு என்று ஆனதும் ஒரு சீட்டும் கிடையாது, ஒரு கையெழுத்தும் கிடையாது.

கழிவோடும் ஒரு சீட்டை அனுப்புவது நடக்காத காரியம் இல்லை. 1988இல் நைஜீரியாவின் கோகோ என்ற ஊரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். இத்தாலியிலிருந்து வந்த நச்சுக் கழிவுப் பீப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஒருவருடைய நிலத்தில் அடுக்கப்பட்டிருந்தன. மாதம் 100 டாலர் வாடகைக்கு இடம் கொடுத்த அவருக்கு உள்ளே இருப்பது நஞ்சு என்று தெரியாது. விஷயம் வெளியே வந்ததும், அதை இத்தாலியே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மறு ஆண்டே பாசெல் என்ற சர்வதேச உடன்படிக்கை கையெழுத்தாகி, 1992இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, எல்லை தாண்டும் அபாயகரமான கழிவோடு ஓர் ஆவணம் கடைசிவரை போக வேண்டும். பொறுப்பேற்கும் ஒவ்வொருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். எல்லை தாண்டாமல் ஒரு நாட்டுக்குள்ளேயே போகும் கழிவுக்கும் முன்னுதாரணம் உண்டு. பிரிட்டனின் 1990ஆம் ஆண்டுச் சட்டம், கழிவை உரிமம் பெற்றவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும் என்ற பொறுப்பை அனுப்புகிறவர்மீதே வைக்கிறது.

வீட்டை இடித்த மண்ணுக்கும் இதே முறை வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. ஏற்றுகிற இடத்தில் ஒரு சீட்டு. அதில் வண்டி எண், போய்ச் சேர வேண்டிய இடம். இறக்கிய இடத்தின் முத்திரையோடு அது அனுப்பியவரிடம் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் முதலில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படி இருந்தால் அந்த நோட்டீஸில் என் பெயரைத் தவிர வேறு பெயரும் இருந்திருக்கும். அதுவரைக்கும், தானே புகார் கொடுத்த நில உரிமையாளருக்கு அபராதம் விதிப்பதையாவது நிறுத்த வேண்டும்.

கெடு முடிய இன்னும் 6 நாட்கள் இருக்கின்றன. டயர்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். நேற்று அந்த வீட்டுக்காரர் போன் செய்து, லாரிக்காரரின் எண்ணைத் தேடி எடுத்துவிட்டதாகவும், அலுவலகத்துக்கு என்னோடு வருவதாகவும் சொன்னார். திங்கட்கிழமை காலை போகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழின் நீண்டநாள் வாசகி